வண்டி ஓடுது... வருமானம் நிக்குதா?

கணக்குப் பாடம்: சொந்த லாரி ஓட்டும் குடும்பத்தின் வரவு – செலவு



கறவை மாடு, பெட்டிக்கடை, தையல் தொழில் போன்றவற்றுக்கு லாப நட்டம் பார்க்கும் முறை நம் குழுக்களில் பலருக்குப் பழக்கமானதுதான். இந்தப் பாடத்தில் கொஞ்சம் பெரிய தொழில் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அது லாரித் தொழில். "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று கேட்க வேண்டாம். ஸ்டியரிங் பிடிப்பது வீட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது நாம். டயர் வெடித்தால் அடகுக் கடைக்குப் போவது நம் கழுத்து நகை. தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பதில் சொல்வதும் நாம்தான். அப்படியிருக்கும்போது கணக்கு மட்டும் நமக்குத் தெரியாமல் இருக்கலாமா?

நம் கொங்கு நாட்டுக்கு லாரித் தொழில் புதிதல்ல. நாமக்கல் என்றால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர் லாரிகளும் நினைவுக்கு வரும். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. சங்ககிரி என்றால் லாரி செட்டுகள். கோவையின் மோட்டார் பம்பு, திருப்பூரின் பனியன், ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சித் தேங்காய், நாமக்கல் முட்டை, சேலத்து ஜவ்வரிசி எல்லாம் வெளியூர் போவது லாரியில்தான். கிளீனராகப் போய், டிரைவராகி, பிறகு ஒரு பழைய வண்டி வாங்கி "ஓனர் டிரைவர்" ஆனவர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி முன்னேறியவர்கள் உண்டு. வண்டியோடு சேர்த்துக் காட்டையும் விற்றவர்களும் உண்டு. இருவருமே உழைப்பாளிகள்தான். பெரும்பாலும் வித்தியாசம் கணக்கில் இருக்கிறது.

ஒரு மாதக் கணக்கு

பழகுவதற்காக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக் கொள்வோம். பழைய ஆறு சக்கர லாரி. விலை 10 லட்சம் ரூபாய். கையிலிருந்து போட்டது 2 லட்சம், ஃபைனான்ஸ் கடன் 8 லட்சம். வீட்டுக்காரரே ஓட்டுகிறார். கோவையிலிருந்து சென்னைக்கு லோடு, அங்கிருந்து திரும்பவும் லோடு. போக வர சுமார் 1,000 கிலோமீட்டர். ஏற்றி, இறக்கி, திரும்பி வர 4 நாள். மாதம் 6 டிரிப், 6,000 கிலோமீட்டர்.

கீழே உள்ள தொகைகள் பாடத்துக்காக வைத்துக் கொண்டவை. உங்கள் ஊர் டீசல் விலை, உங்கள் வண்டி வாடகை வேறாக இருக்கும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முறை ஒன்றுதான்.

ஒரு டிரிப் வரவு:
- போகும்போது வாடகை: ரூ.21,000
- திரும்பும்போது வாடகை: ரூ.15,000
- மொத்தம்: ரூ.36,000

ஒரு டிரிப் செலவு:
- டீசல் (லிட்டருக்கு 5 கிலோமீட்டர், 200 லிட்டர், லிட்டர் ரூ.93): ரூ.18,600
- டோல்கேட்: ரூ.4,400
- புக்கிங் கமிஷன்: ரூ.1,500
- ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சில்லறைச் செலவு: ரூ.1,500
- வழிச் சாப்பாடு, பேட்டா: ரூ.2,000
- மொத்தம்: ரூ.28,000

ஒரு டிரிப்புக்குக் கையில் நிற்பது ரூ.8,000. மாதம் 6 டிரிப்புக்கு ரூ.48,000.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கணக்கை நிறுத்தி விடுகின்றன. "மாசம் அம்பதாயிரம் நிக்குதுங்க" என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லி விடுகிறோம். அதை நம்பி வீட்டுச் செலவையும் கூட்டி விடுகிறோம். ஆனால் இது டிரிப்புக் கணக்கு மட்டும்தான். வண்டியின் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

சத்தமில்லாமல் ஏறும் செலவுகள்

டீசல் அடித்தால் உடனே காசு கொடுக்கிறோம், அதனால் தெரிகிறது. டயர் தேய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் மொத்தமாக வந்து நிற்கும். அதை மாதத்துக்குப் பிரித்துப் பார்ப்போம்.

டயர்: 6 டயருக்கு ரூ.1,20,000. 80,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ரூ.1.50. மாதம் 6,000 கிலோமீட்டருக்கு ரூ.9,000.

ரிப்பேர்: இன்ஜின் ஆயில், கிரீஸ், பிரேக், கிளட்ச், பட்டை எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ரூ.1. மாதம் ரூ.6,000.

இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி.: வருடம் ரூ.84,000 என்று வைப்போம். மாதம் ரூ.7,000. இது அதிகம் என்று தோன்றலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, 12,000 கிலோவுக்கு மேல் 20,000 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் மாதம் அமலுக்கு வந்த விகிதப்படி வருடம் ரூ.35,313. எஃப்.சி. 8 வருடம் வரையுள்ள வண்டிக்கு 2 வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் பழைய வண்டி என்றால் வருடா வருடம் காட்ட வேண்டும். பெயின்ட், வெல்டிங், லைட் எல்லாம் சரி செய்தால்தான் எஃப்.சி. கிடைக்கும். பழைய வண்டி வாங்கும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடன் தவணை: 8 லட்சத்துக்கு 48 மாதம், பிளாட் வட்டி 9 சதவீதம். மாதத் தவணை ரூ.22,667.

இப்போது கழித்துப் பாருங்கள்:
- கையில் நின்றது: ரூ.48,000
- டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ் வகை: ரூ.22,000
- தவணை: ரூ.22,667
- வீட்டுக்கு மிச்சம்: ரூ.3,333

மாதம் முழுக்க ராத்தூக்கம் இல்லாமல் ஓட்டியதற்கு 3,333 ரூபாய்! "அப்புறம் எப்படிங்க நாங்க சோறு திங்கிறோம்?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: டயர் காசையும் இன்சூரன்ஸ் காசையும் எடுத்துத்தான் அரிசி பருப்பு வாங்குகிறோம். அதனால்தான் டயர் மாற்ற வேண்டிய மாதம் குழுவில் உள்கடன் கேட்கிறோம், அல்லது நகையை வைக்கிறோம். திடீர்ச் செலவு வந்து விட்டது என்கிறோம். அது திடீர்ச் செலவே அல்ல. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒன்றரை ரூபாயாக ஏறிக்கொண்டே வந்த செலவு.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கறவை வற்றின மாதமும் மாட்டுக்குத் தீனி போட்டே ஆக வேண்டும். அதுபோல வண்டி நின்ற மாதமும் தவணை, இன்சூரன்ஸ், வரி நிற்காது. 2018 ஜூலையில் நாடு முழுக்க லாரி வேலைநிறுத்தம் 8 நாள் நடந்தது. வண்டி நின்றது, தவணைத் தேதி நிற்கவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. அப்போதும் அந்த மாதங்களுக்கான வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. தள்ளி வைப்பது வேறு, தள்ளுபடி வேறு என்பதை அப்போது பலர் தெரிந்து கொண்டார்கள்.

கைப்பணம் வேறு, லாபம் வேறு

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். தவணை 22,667 ரூபாயில் வட்டி மாதம் சராசரி 6,000 ரூபாய். மீதி 16,667 ரூபாய் அசல். அசல் கட்டுவது செலவு அல்ல. அது வண்டியில் சேரும் நம் சொத்து. அதே சமயம் வண்டி ஓட ஓட அதன் விலை குறைகிறது. 10 லட்சத்துக்கு வாங்கிய வண்டி 48 மாதம் கழித்து 5,20,000-க்குத்தான் போகும் என்றால், தேய்மானம் மாதம் ரூ.10,000.

ஆகவே உண்மையான மாதச் சம்பாத்தியம்:
- கையில் நின்றது: ரூ.48,000
- டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ் வகை: ரூ.22,000
- வட்டி: ரூ.6,000
- தேய்மானம்: ரூ.10,000
- மீதி: ரூ.10,000

கைப்பணக் கணக்கில் 3,333, இந்தக் கணக்கில் 10,000. நடுவில் உள்ள 6,667 ரூபாய் எங்கே? அது வண்டிக்குள் சேமிப்பாக இருக்கிறது. 48 மாதத்தில் அது 3,20,000 ஆகும். முதலில் போட்ட 2 லட்சத்தையும் சேர்த்தால் 5,20,000. கடன் தீர்ந்த அன்று வண்டி போகும் விலையும் அதுதான். கணக்கு நேராகி விட்டது பாருங்கள்.

இனி முக்கியமான கேள்வி. இதே மனிதர் வேறொருவர் வண்டியில் டிரைவராகப் போனால், பேட்டா போக மாதம் 22,000 ரூபாய் சம்பளம் கிடைக்கும் என்று வைப்போம். சொந்த வண்டியில் கிடைப்பது 10,000. அப்படியானால் ஓனர் என்ற பெயருக்காக மாதம் 12,000 ரூபாய் கையை விட்டுக் கொடுக்கிறோம். தன் உழைப்புக்குச் சம்பளம் போடாத கணக்கு முழுக் கணக்கு ஆகாது. வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

கிலோமீட்டர் கணக்கு

எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டருக்குக் கொண்டு வந்து விட்டால் பேசுவதற்கு எளிது.
- டீசல், டோல், கமிஷன், கூலி, பேட்டா: ரூ.28.00
- டயர், ரிப்பேர்: ரூ.2.50
- இன்சூரன்ஸ், வரி, வட்டி, தேய்மானம் (மாதம் 23,000): ரூ.3.83
- ஓட்டுபவர் சம்பளம் (மாதம் 22,000): ரூ.3.67
- மொத்தம்: ரூ.38.00

வாடகை கிடைப்பது கிலோமீட்டருக்கு ரூ.36. ஆகும் செலவு ரூ.38. குறைவது 2 ரூபாய். இந்த 38 என்ற எண்தான் உங்கள் வண்டியின் எல்லைக்கோடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் மனதில் இருந்தால் புக்கிங் ஆபீசில் வாடகை பேசும்போது எங்கே "சரி" சொல்வது, எங்கே "வேண்டாம்" சொல்வது என்று தெரியும். "வண்டி சும்மா நிக்கறதுக்கு ஓடட்டுமே" என்று குறைந்த வாடகைக்கு எடுப்பது எப்போதாவது சரி. அதுவே வழக்கமானால் டயரைத் தேய்த்து அடுத்தவர் சரக்கைச் சுமந்ததுதான் மிச்சம்.

2 ரூபாயை எங்கே பிடிப்பது?

டீசல் விலை நம் கையில் இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை வந்தது. டோல் கட்டணமும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

1. மைலேஜ். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்பது ஐந்தரை ஆனால், ஒரு டிரிப்புக்குச் சுமார் 18 லிட்டர் மிச்சம். ரூபாயில் ஏறக்குறைய 1,690. மாதம் 10,000-க்கு மேல்! டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், நிதான வேகம், வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைப்பது ஆகியவை இதற்கு உதவும். ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பி, கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதினால்தான் மைலேஜ் தெரியும். மைலேஜ் திடீரென்று குறைந்தால் இன்ஜின் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

2. வட்டி. நம் குழுவில் குறைந்து செல்லும் நிலுவைக்குத்தான் வட்டி போடுகிறோம். பிளாட் வட்டி அப்படியல்ல. பாதிக் கடன் அடைத்த பிறகும் முழு 8 லட்சத்துக்கும் வட்டி ஓடும். 9 சதவீத பிளாட் வட்டி என்பது, குறையும் நிலுவை முறையில் சுமார் 16 சதவீதத்துக்குச் சமம். அதே 8 லட்சம் வங்கியில் 12 சதவீதக் குறையும் நிலுவை வட்டிக்குக் கிடைத்தால் தவணை ரூ.21,067 தான். மொத்தத்தில் சுமார் 77,000 ரூபாய் மிச்சம். 9-ஐ விட 12 பெரிது என்று எண்ணி ஏமாற வேண்டாம். சிறு தொழிலுக்கான முத்ரா கடன் திட்டம் 2015-ல் வந்தது. சரக்கு வண்டிக்கும் அதில் கடன் கேட்கலாம். முதலில் வங்கியில் விசாரித்து விட்டுப் பிறகு ஃபைனான்சுக்குப் போங்கள்.

மைலேஜில் கிலோமீட்டருக்கு ரூ.1.69, வட்டியில் சுமார் 27 பைசா. இரண்டும் சேர்ந்தால் 38 ரூபாய் 36-க்கு வந்து விடுகிறது. இனி ஓட்டுபவருக்கு முழுச் சம்பளமும் கிடைத்தது போலத்தான்.

3. திரும்பும் லோடு. ஒரு முறை சென்னையிலிருந்து காலி வண்டியாக வந்தால் 15,000 வாடகை போகிறது. கமிஷன், கூலி, கொஞ்சம் டீசல் மிச்சமானாலும் மற்ற செலவெல்லாம் அப்படியேதான். ஆனால் திரும்பும் லோடுக்காக நாலு நாள் காத்துக் கிடப்பதும் நட்டம்தான். மாதம் 6 டிரிப் 5 ஆனால், 8,000 போகும். டயர், ரிப்பேரில் 2,500 மிச்சமாகும். நிகர நட்டம் 5,500. இந்த இரண்டையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டும். முன்பு வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தச் சாவடி எடுக்கப்பட்டது. இப்போது காத்திருப்பு அதிகமாக ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும்தான். எத்தனை நாள் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் எந்தப் பார்ட்டியால் நட்டம் என்று தெரியும்.

4. பாக்கி. முன்பணம் கொடுத்து, சரக்கு இறக்கிய ரசீது வந்த பிறகு மீதி தருவதுதான் வழக்கம். அந்த மீதி பல இடங்களில் நிற்கும். யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி என்று தனிப் பக்கம் போடுங்கள். போனில் கேட்கும் வேலையை நாமே செய்யலாம்.

செய்யக்கூடாத இரண்டு

ஓவர்லோடு. இரண்டு டன் கூட ஏற்றினால் கூட வாடகை என்று ஆசை வரும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இரண்டு டன்னுக்கு 24,000. நம் கணக்கில் அது மூன்று டிரிப்பின் மிச்சம். டயரும் பட்டையும் பிரேக்கும் படும் பாடு தனி.

தூக்கத்தை விற்பது. 6 டிரிப்பை 7 ஆக்கினால் நிகரம் 5,500 கூடும். ஆனால் அது ஓய்வு நாளிலிருந்தும் ராத்தூக்கத்திலிருந்தும் எடுக்கும் காசு. தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் ஒரு கண்ணசரல் போதும். "எப்போ வருவீங்க?" என்று கேட்பதோடு "தூங்கினீங்களா?" என்றும் கேளுங்கள்.

ஆர்.சி. யார் பெயரில்?

இதைக் கவனமாகப் படியுங்கள். சரக்கு வண்டி இன்சூரன்சில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018-ல் கொண்டு வரப்பட்டது. இது ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்குத்தான். அவருக்குச் சரியான லைசென்சும் இருக்க வேண்டும். நம் பக்கம் பல வண்டிகள் மனைவி பெயரில் இருக்கின்றன. வண்டி உங்கள் பெயரில் இருந்து, உங்களுக்கு லைசென்ஸ் இல்லாமல், ஓட்டுவது வீட்டுக்காரர் என்றால், அந்த 15 லட்சம் அவருக்குப் பொருந்தாது. டிரைவருக்கான காப்பீட்டைத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். பாலிசியை எடுத்து இன்றே பாருங்கள். புரியாவிட்டால் ஏஜென்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இதோடு வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சமும் சேர்த்துக் கொள்ளலாம்.

கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் உள்ள ஃபைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை விற்கப் போனால் அலைச்சல்தான்.

நாம் செய்ய வேண்டியது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு 80 பக்க நோட்டுப் போதும்.

- டிரிப்புக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. டீசல் பில், டோல் கணக்கு, கூலி எல்லாம் வண்டி வந்த அன்றே எழுத வேண்டும். ஃபாஸ்டேக் கணக்கைப் போனிலேயே பார்க்கலாம்.
- வண்டிக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவை அதில் கலக்காதீர்கள்.
- ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் டயர், ரிப்பேருக்கு 2,500, இன்சூரன்ஸ், எஃப்.சி.க்கு 1,200, தவணைக்கு 3,800 எடுத்து வையுங்கள். முதல் இரண்டையும் சேமிப்பில் போடலாம்.
- மாதக் கடைசியில் கிலோமீட்டர் கணக்குப் போட்டு வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் சொல்ல வேண்டாம். "இந்த மாசம் நம்ம வண்டிக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆச்சுன்னு பாருங்க" என்று நோட்டை நீட்டினால் போதும்.

ஆறு மாதம் எழுதிய பிறகும் வாடகை எல்லைக்கோட்டுக்குக் கீழேயே நின்றால், வண்டியை நல்ல விலைக்கு விற்று விட்டுச் சம்பளத்துக்கு ஓட்டுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. கடன் முற்றி வண்டியைத் தூக்கிக் கொண்டு போன பிறகு யோசிப்பதை விட, கணக்குப் பார்த்து நாமே விலகுவது கௌரவம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் வீட்டில் லாரி, டெம்போ, ஆட்டோ இருக்கிறது? ஒரு வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.
2. டீசல் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறினால், மேலே சொன்ன குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கூடும்? (விடை: 200 லிட்டர், 6 டிரிப், 3 ரூபாய் = ரூ.3,600. வீட்டுக்கு மிஞ்சியது 3,333 தான் என்பதை நினைவில் வையுங்கள்.)
3. டயர் வாங்க உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் டிரிப்பு நோட்டைக் காட்டச் சொல்லலாமா? அதைத் தீர்மானமாக எழுதலாமா?
4. வீட்டில் உள்ள கடன் பத்திரத்தை எடுத்து வாருங்கள். வட்டி பிளாட்டா, குறையும் நிலுவையா? ஊக்குநரோடு சேர்ந்து படியுங்கள்.